ஐந்து அறைகளை விற்பதா, வைத்திருப்பதா?

ஐந்தறைக்காரன் எழுதியது:

திருகோணமலை உப்புவெளியில் ஐந்து அறைகள் கொண்ட சிறு விடுதி ஒன்றை நானும் மனைவியும் நடத்துகிறோம். பருவம் முடிந்துவிட்டது. கடைசியாகத் தங்கியிருந்த பிரெஞ்சுத் தம்பதியர் போன வாரம் புறப்பட்டார்கள். இனி வாடை தொடங்கி, மழை கொட்டி ஓய்ந்து, சித்திரை தாண்டும்வரை அறைகளுக்குப் பூட்டுத்தான்.

கட்டி முடித்தது 2018 இல். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டுகள் வெடித்தபோது எங்கள் முதலாவது முழுப் பருவத்துக்கு முன்பதிவு ஏறக்குறைய நிரம்பியிருந்தது. பத்து நாளில் அத்தனையும் இரத்தாயிற்று. அடுத்த ஆண்டு கொரோனா. 2022 இல் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஒவ்வொரு தடவையும் "இதைத் தாண்டிவிட்டால் போதும்" என்று சொல்லிக்கொண்டு கடனைப் புதுப்பித்தேன். இப்போது ஆட்கள் வருகிறார்கள். நேரம் பார்த்தாற்போல் கொழும்பிலிருந்து ஒருவர் காணி, கட்டடம் எல்லாவற்றுக்குமாக 2 கோடி 40 இலட்சம் ரூபா தருவதாகச் சொல்கிறார்.

வங்கிக்கு இன்னும் 70 இலட்சம் கட்ட வேண்டும். வட்டி 12 வீதம், மாதத் தவணை 135,000. இந்தப் பருவத்தில் மின்சாரம், தண்ணீர், இரண்டு பையன்களின் சம்பளம், முன்பதிவுத் தளங்களின் தரகு எல்லாம் போக 22 இலட்சம் மிஞ்சியது. மாமனார் விற்கச் சொல்கிறார். மனைவி "உங்கள் விருப்பம்" என்கிறார்.

என்ன விலைக்கு விற்பது என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரமாக இதே எண்களை எழுதி எழுதி அழிக்கிறேன். ஒரு நாள் விற்கிறேன், மறுநாள் வைத்திருக்கிறேன். மனிதர்கள் இப்படியான முடிவை உண்மையில் எப்படித்தான் எடுக்கிறார்கள்? பெரிய நிறுவனங்களும் அரசாங்கங்களும் நம்மைவிடத் திறமாக எடுக்கின்றனவா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, முப்பது வருடம் பிறருடைய கணக்கைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 2019, 2020, 2022 என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பந்தியை முழுதாக வெட்டிவிடுங்கள். பொருளியலில் அதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். போன காசு போனதுதான். விற்றாலும் திரும்பாது, வைத்திருந்தாலும் திரும்பாது. அடுத்த வருடத்தை மட்டும் பாருங்கள்.

தவணை வருடத்துக்கு 16 இலட்சத்து 20 ஆயிரம். அதில் வட்டி ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம், மிச்சம் 7 இலட்சத்து 80 ஆயிரம் கடனின் முதற்தொகையைக் குறைக்கிறது. ஆகவே 22 இலட்சத்தில் வட்டி மட்டும்தான் உண்மையான செலவு. 13 இலட்சத்து 60 ஆயிரம் உங்களுடையது. விற்றால் கடன் போகக் கையில் 1 கோடி 70 இலட்சம். நிலையான வைப்புக்கு 8 வீதம் என்று வைத்தால் 13 இலட்சத்து 60 ஆயிரம். கேலியாக இல்லையா, அதே தொகை! 2025 ஏப்ரலிலிருந்து வட்டிக்குப் பிடித்துவைக்கும் வரி 10 வீதம்; அதைக் கழித்தால் 12 இலட்சத்து 24 ஆயிரம்.

வித்தியாசம் 1 இலட்சத்து 36 ஆயிரம். வருடம் முழுவதும் விடுதியைக் கட்டி அழுவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் கூலி இது. கூரைத் தகடு துருப்பிடிப்பதை நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

---

ஸ்காபரோவாசி எழுதியது:

விற்காதீர்கள். கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் காணி இனிக் கிடைக்குமா? நான் 1990 களில் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்தவன், எனக்குத்தான் அதன் வலி தெரியும். கணக்கர் ஐயா வைப்பு வட்டியைச் சொல்கிறார். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம் என்பதை மறந்துவிட்டாரா? டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. வங்கியில் காசு வைத்திருந்தவர்கள் நித்திரையிலேயே பாதியை இழந்தார்கள். காணி வைத்திருந்தவனுக்குக் காணி அப்படியே இருந்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மறக்கவில்லை. நானும் இழந்தவன்தான். ஆனால் ஒரு கேள்வி. அந்த விடுதி இன்று தம்பியுடையதல்ல, கையில் 2 கோடி 40 இலட்சம் காசு மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காசைக் கொடுத்து அதை வாங்குவாரா? வாங்கமாட்டார் என்றால் ஏன் வைத்திருக்க வேண்டும்?

1990 இல் கானெமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் செய்த ஒரு பரிசோதனை இருக்கிறது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கக் கொடுக்க நினைத்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கே இப்படி. கடற்கரைக் காணிக்கு எத்தனை மடங்கு என்று ஸ்காபரோவிலிருப்பவர் சொல்லட்டும்.

---

முச்சக்கரம்77 எழுதியது:

கோப்பையும் காணியும் ஒன்றா, ஐயா? கோப்பையை வைத்துப் பிள்ளைக்குச் சீதனம் கொடுக்க முடியாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி தம்பி, உங்கள் தொழிலிலேயே ஒன்று சொல்கிறேன். 1997 இல் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் பயணத் தாள்களை வைத்து ஒரு கட்டுரை வந்தது. நல்ல வருமானம் வரும் நாளில் அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள், மந்தமான நாளில் நேரம் கூட்டி ஓட்டுகிறார்கள் என்றது. அன்றைய இலக்கு நிறைந்ததும் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். கணக்குப்படி தலைகீழாக அல்லவா செய்ய வேண்டும்?

---

முச்சக்கரம்77 எழுதியது:

உண்மைதான், நானும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அந்த அறிஞர்கள் என்னோடு ஒரு நாள் பின் ஆசனத்தில் இருந்து பார்க்கட்டும். கோணேஸ்வரத்துக்கும் மார்பிள் கடற்கரைக்கும் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி வெயிலில் ஓடிய நாளில் இடுப்பு விட்டுப்போகும். நல்ல வருமானம் வந்த நாள் என்றால் அதிக ஓட்டம் ஓடிய நாள். களைத்தவன் வீட்டுக்குப் போவதை முட்டாள்தனம் என்று எழுதிவிட்டார்களா? 2022 இல் வாரத்துக்கு 5 லீற்றர் தந்தபோது எங்களைப்போல் துல்லியமாகக் கணக்குப் பார்த்தவன் இந்த நாட்டில் இருந்திருக்கமாட்டான். எந்த ஓட்டம் ஏற்கலாம், எது வேண்டாம் என்று மில்லிலீற்றரில் பார்த்தோம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நியாயம். பிற்காலத்தில் ஃபார்பர் என்ற பொருளியலாளர் இன்னும் பெரிய தரவை எடுத்துப் பார்த்து, பெரும்பாலான ஓட்டுநர்கள் வருமானம் கூடும்போது அதிகமாகத்தான் ஓட்டுகிறார்கள் என்று மறுத்திருக்கிறார். அதையும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

---

கிண்ணியான் எழுதியது:

அரசாங்கம் நம்மைவிடத் திறமாக முடிவெடுக்கிறதா என்று கேட்டவருக்கு வருகிறேன். எனக்குத் தம்பலகாமத்தில் எட்டு ஏக்கர் வயல்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நான் மாட்டெரு போட்டு வளர்ந்தவன். எட்டு ஏக்கருக்கு எத்தனை இழுவைப்பெட்டி எரு வேண்டும், அது எந்த மாட்டிலிருந்து வரும் என்று கேட்க யாரும் வயலில் இறங்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. பயிர் மஞ்சள் பூத்து நின்றது. 2022 தொடக்கத்தில் நெல் விவசாயிக்கு நட்டஈடு என்று அறிவித்தார்கள். அந்தக் காசு யாருடையது? மறுபடி எங்களுடையதுதான், வரியாகவும் விலைவாசியாகவும்.

நான் ஒரு வருடம் பிழையான விதைநெல்லை எடுத்தால் அந்தப் பிழையின் விலையை நானே கொடுக்கிறேன். அடுத்த போகத்தில் கை தானாகத் திருந்தும். மேசையில் இருப்பவர் பிழைவிட்டால் விலை தம்பலகாமத்தில் கட்டப்படுகிறது. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியபோதும் இதே கதைதான். அப்போது கைதட்டியவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தபோதுதான் கைதட்டியதற்கு எவ்வளவு செலவு என்று விளங்கியது.

---

மூதூர்_ரீச்சர் எழுதியது:

கிண்ணியான் காக்கா சொல்வது அவசரமாக எடுத்த முடிவைப் பற்றி. எடுக்காமல் விட்ட முடிவும் நம்முடைய மாவட்டத்தில்தான் இருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்களைப் பஸ்ஸில் போகும்போது பற்றைகளுக்குள் பார்த்திருப்பீர்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் கடிதங்களிலேயே அவற்றைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. 2003 இல் இந்திய நிறுவனத்துக்குக் குத்தகை என்றார்கள். பயன்பாட்டுக்கு வந்தது கீழ்ப்பகுதியின் 15 குதங்கள் மட்டும். மேல்பகுதியில் மரங்கள் வளர்ந்தன. 2022 ஜனவரியில்தான் 14 அவர்களுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பெனிக்கு என்று பிரித்தார்கள். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து இன்னொரு உடன்படிக்கை.

இதற்கு முட்டாள்தனம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. "முடியாது" என்று சொல்லும் பலம் பலருக்கு இருந்தது: தொழிற்சங்கம், எதிர்க்கட்சி, கூட்டணிக்குள்ளேயே ஒரு பகுதி, அயல்நாடுகள். "ஆம்" என்று சொல்லி நிறைவேற்றும் பலம் தனியே எவருக்கும் இல்லை. அப்படியான மேசையில் சும்மா இருப்பதுதான் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு. டொலர் வற்றிய பிறகே பேனா எடுத்தார்கள்.

மூதூருக்குப் பக்கத்திலுள்ள சம்பூரும் அப்படித்தான். 2006 இல் போரால் சனம் இடம்பெயர்ந்தது. அந்த நிலத்தில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் என்று பத்து வருடம் பேசிவிட்டு 2016 இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்க விழா. கோப்பில் இது மூன்று வரி. எங்கள் வகுப்பிலிருந்த பிள்ளைகள் அந்த மூன்று வரிக்குள் முகாமில் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

---

ஸ்காபரோவாசி எழுதியது:

அரசாங்கத்தைத் தெரிவதும் நாம்தானே, ரீச்சர். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். வாக்குப் போடும்போது?

---

மூதூர்_ரீச்சர் எழுதியது:

மீன் பழுதென்றால் குழம்பு நம் வீட்டில் நாறும். என் ஒரு வாக்கு நாட்டின் முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறியது. அதற்காக இரவிரவாகத் தேர்தல் விஞ்ஞாபனம் படிப்பது வீண் உழைப்பு என்று ஒருவர் நினைத்தால் அது சோம்பல் அல்ல, கணக்கு. பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1957 இலேயே இதை எழுதிவிட்டார். எல்லோரும் அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதால் எல்லோருக்கும் சேர்த்துப் பிழையான விடை வருகிறது.

அதைவிட எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பங்களை எண்ணுவார்கள். 2024 இல்தான் முதல் தடவையாக அந்த நிலை வந்தது. வெளியேறிய வேட்பாளர்களுக்கு விழுந்திருந்தவை 33 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றிலிருந்து முதல் இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்குகள் ஒருவருக்கு 105,264, மற்றவருக்கு 167,867. கூட்டிப் பாருங்கள், 12 இல் ஒன்றுகூட இல்லை. நீ விரும்புபவர் தோற்றால் அடுத்து யார் என்று சட்டம் கேட்கிறது, சனம் பதில் சொல்லாமல் வந்துவிடுகிறது.

என் அம்மாவிடம் இதை விளக்கினேன். "ஒருவரை நம்பினால் ஒருவரைத்தான் நம்ப வேண்டும், பிள்ளை" என்றார். வாக்கு அவருக்குத் தெரிவு அல்ல, வாக்குறுதி.

---

ஸ்காபரோவாசி எழுதியது:

அந்தத் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 226,343 பேர் போட்டார்களே. வெல்லமாட்டார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அதையும் கணக்கில்லாத முடிவு என்பீர்களா?

---

மூதூர்_ரீச்சர் எழுதியது:

இல்லை. வெல்வதற்காகப் போடாத வாக்கை வெற்றியை வைத்து அளக்கக் கூடாது. ஆனால் அவர்களும் அதே சீட்டில் இன்னொருவருக்கு ஒரு 2 போட்டிருக்கலாம். சொல்ல வந்ததும் குறைந்திருக்காது.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

கட்சிகளுக்குள் இறங்கும் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விடுதிக்குத் திரும்புங்கள்.

---

முச்சக்கரம்77 எழுதியது:

என் தகப்பனார் கரைவலை இழுத்தவர். இன்றைக்கு இந்தக் கரைத்துண்டில் யாருடைய வலை, நாளைக்கு யாருடையது என்று முறை இருந்தது. அரசாங்கம் வந்து சொல்லவில்லை. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் இழுப்பவர்களும் பேசி வைத்த முறை. முறை தவறினால் அன்று பின்னேரமே கரையில் சண்டை. முடிவெடுத்தவனும் பட்டினி கிடக்கப்போகிறவனும் ஒரே மணலில் நின்றதால்தான் அது ஓடியது என்று நினைக்கிறேன்.

---

மூதூர்_ரீச்சர் எழுதியது:

2009 இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ரம், தென்னிலங்கையில் மாவெல்லக் கரைவலையைப் பற்றி எழுதியிருக்கிறார், தெரியுமா? அங்கும் அருமையான சுழற்சி முறை இருந்தது. ஆனால் புதிய வலை சேர்ப்பதைத் தடுக்கும் விதி நடைமுறைக்கு வரவில்லை. ஒரு வலையைச் சேர்ப்பவருக்கு முறையில் ஒரு பங்கு முழுதாகக் கிடைக்கும். அதனால் மற்றவர்களுக்கு வரும் குறைவு எல்லோர் தலையிலும் சிறிது சிறிதாக விழும். வலைகள் கூடிக்கொண்டே போய் ஒருவருக்கும் கட்டுப்படியாகாமல் போனது. உங்கள் தகப்பனார் நின்ற மணலில் வலைக்கு ஓர் எல்லை இருந்திருக்க வேண்டும்.

அது இருக்கட்டும். விடுதிக்காரத் தம்பி, மட்டுறுத்துநர் சொன்னபடி உங்களிடம் வருகிறேன். ஹேர்பர்ட் சைமன் என்பவர், 1978 இல் நோபல் பெற்றவர், மனிதர்கள் சாத்தியமான எல்லா வழிகளையும் நிறுத்துப் பார்ப்பதில்லை, கண்ணில் படும் சிலவற்றில் "இது போதும்" என்று தோன்றுவதை எடுக்கிறார்கள் என்றார். நேரமும் மூளையும் அவ்வளவுதான் இடம் கொடுக்கும். ஆகவே எதைத் தெரிந்தெடுத்தோம் என்பதைவிட, எவை கண்ணில் பட்டன என்பது முக்கியம். உங்கள் கண்ணில் பட்டவை இரண்டே இரண்டு.

கணக்கர் ஐயா அவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டார். இரண்டு பையன்களின் சம்பளம் அதில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஐந்து அறைக்கும் அப்பமும் சம்பலும் செய்வது யார்? அவருக்கு என்ன சம்பளம்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரீச்சர், அடி சரியான இடத்தில் விழுந்தது. முப்பது வருடத்தில் எத்தனை குடும்பக் கடைகளின் புத்தகத்தை மூடிக் கையெழுத்து வைத்திருப்பேன். ஒன்றிலாவது அந்த வரியைக் கண்ட நினைவில்லை.

---

ஐந்தறைக்காரன் எழுதியது:

நான்கு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்.

ரீச்சரின் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், குசினி அலுமாரியிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். ஐந்து மாதமும் எந்தெந்த நாள் எத்தனை பேருக்குச் சமைத்தார், எத்தனை படுக்கை விரிப்பு தோய்த்தார் என்று திகதி போட்டு எழுதியிருந்தது. பக்கத்து ஹோட்டலில் சமையல்காரருக்கு மாதம் 55,000 கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரித்து ஓரத்தில் குறித்திருக்கிறார். ஐந்து மாதத்துக்கு 2 இலட்சத்து 75 ஆயிரம். சமையல் மட்டும். ஆக, கணக்கர் ஐயா எங்கள் இருவருக்கும் கூலி என்று கண்டுபிடித்த 1 இலட்சத்து 36 ஆயிரம், இவர் ஒருவரின் பாதிச் சம்பளத்துக்கே காணாது. மாதக்கணக்காக நான் இலாபம் என்று பெருமையடித்துக்கொண்டது இவருடைய முதுகுவலியை.

"அப்படியென்றால் ஏன் 'உங்கள் விருப்பம்' என்றாய்?" என்று கேட்டேன். "விற்பதா வைத்திருப்பதா என்றுதானே கேட்டீர்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை" என்றார்.

அவருடைய மனதில் இருந்தது மூன்றாவது. சுழியோட்டம் பழக்கும் தம்பி ஒருவர் அறைகளைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர், தன்னிடம் வருபவர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்று சித்திரை மாதமே மனைவியிடம் கேட்டிருக்கிறார். மூன்று வருடக் குத்தகை, வருடத்துக்கு 18 இலட்சம். காணி எங்கள் பெயரிலேயே இருக்கும். நான் பழைய வேலைக்குத் திரும்பலாம். மனைவிக்குத் தையல் வகுப்பு தொடங்க ஆசை. எட்டு வருடமாக அதுவும் எனக்குத் தெரியாது.

கொழும்புக்காரரிடம் வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

18 இலட்சத்தில் தவணை போக 1 இலட்சத்து 80 ஆயிரம் கையில். கடனின் முதற்தொகையில் குறைவது 7 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 9 இலட்சத்து 60 ஆயிரம், உழைப்பு இல்லாமல். விற்று வைப்பிலிட்டால் 12 இலட்சத்து 24 ஆயிரம், அதுவும் உழைப்பு இல்லாமல். இடைவெளி 2 இலட்சத்து 64 ஆயிரம். இன்னொரு 2022 வந்தால் காணி கையிலிருக்க வேண்டும் என்பதற்காக வருடந்தோறும் நீங்கள் கட்டும் காப்புறுதிப் பணம் என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்பதை இம்முறை இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள்.

குத்தகை என்றால் சில சில்லறை விடயங்கள். கூரைத் தகடும் தண்ணீர் மோட்டரும் பழுதானால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். அந்தத் தம்பி இரண்டு மாதம் காசு பிந்தினாலும் வங்கி உங்களைத்தான் தேடி வரும். பராட்டே உரிமை உள்ள வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் போடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆறு மாதக் காசு முற்பணமாகக் கேளுங்கள். காணி உறுதி வங்கியில் ஈடாக இருந்தால், குத்தகை எழுதுவதற்கு முன் வங்கியின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

---

முச்சக்கரம்77 எழுதியது:

சுழியோட்டத் தம்பியை எனக்குத் தெரியும், ஆள் நேர்மை. ஆனால் தண்ணீர் மோட்டரை அவரிடம் விடாதீர்கள். கடலுக்கு அடியில் எது இருக்கிறது என்று தெரியும், கிணற்றுக்கு மேலே இருப்பது தெரியாது.